காதால் பார்க்கும் காடு

வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ பறவை பார்த்துப் பழகியவர் மலேசியாவின் பெக்கோக்குக்கு வந்தால் முதல் நாள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். அங்கே கரையில் நின்றால் போதும். கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை என மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும். தொலைநோக்கியைத் திருப்பத் திருப்பப் பட்டியல் நீளும். இங்கே மழைக்காட்டுக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் கண்ணில் பட்டது ஒரு வாலின் நுனியும், இலை அசைந்த ஓர் இடமும் மட்டுமாக இருக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் அவரைச் சுற்றி ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். அவருக்குத்தான் எது எதன் குரல் என்று பிடிபட்டிருக்காது.

மலாயாவின் தாழ்நிலக் காடுகளைத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிற பறவை ஆர்வலர்களில் விவரம் தெரிந்தவர்கள், விமானம் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே ஒலிப்பதிவுகளைக் கேட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் காட்டில் பறவை பார்ப்பது என்பது முக்கால்வாசி காதின் வேலை. அது ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ள, பெக்கோக்கைப் போல வசதியான ஊர் கிடைப்பது அரிது.

பெக்கோக், ஜொகூர் மாநிலத்தின் வடக்கே சிகாமட் மாவட்டத்தில், தெற்கே போகும் ரயில் பாதையில் இருக்கிற சிறுபட்டணம். சுற்றிலும் பால்மரத் தோட்டங்களாக இருந்து, பிறகு பெரும்பாலும் செம்பனைக்கு மாறிய நிலம். தமிழர்கள் பல தலைமுறையாக வேலை செய்த மண். பட்டணத்திலிருந்து கிழக்கே போனால் தோட்டங்களையும் ஜாக்குன் ஓராங் அஸ்லி குடியிருப்புகளையும் கடந்து செலாய் வரும். அது எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் மேற்கு வாசல். கடைவீதி, தோட்டம், காடு என மூன்று வேறு உலகங்களை ஒரே நாளில் கடக்கலாம். மூன்றிலும் ஒலி வேலை செய்கிற விதம் வேறு.

கடைவீதியிலேயே தொடங்கலாம். ஜொகூரின் சிறுபட்டணங்களில் மேல்மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சிறு துவாரம் மட்டும் விட்டிருக்கிற கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். குடியிருப்பது, மலாயில் வாலிட் என்று சொல்லப்படும் சிறிய உழவாரன். எச்சிலால் அது கட்டும் வெள்ளைக் கூட்டைச் சீனர்கள் சூப்பு வைத்துக் குடிப்பதால், அந்தக் கூட்டுக்குத் தங்க வியாபாரம் போல் விலை. குகையில் வாழ்ந்த பறவையை, குகை போன்ற இருட்டைக் கட்டிக் கொடுத்துப் பட்டணத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

அந்த இருட்டில் அது எப்படிப் பறக்கிறது? வௌவாலைப் போல ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான். பறவைகளில் இந்தத் திறமை இரண்டே கூட்டங்களுக்கு உண்டு: இந்த வகை உழவாரன்களில் சிலவும், தென் அமெரிக்காவின் எண்ணெய்ப்பறவையும். ஆனால் வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது; உழவாரனுடையது நன்றாகக் கேட்கும், நகத்தால் சீப்பின் பற்களை வருடினால் எழுவதைப் போன்ற ‘டிர்ர்’. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 50,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் வௌவாலின் ஒலியலை ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் நீளந்தான். அதனால் கொசு அளவுள்ள பொருளில் பட்டும் எதிரொலி திரும்பும். 5,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் உழவாரனின் அலை 7 சென்டிமீட்டர். அதை வைத்துப் பூச்சி பிடிக்க முடியாது. சுவரில் முட்டாமல் பறக்கவும் கூடு இருக்கும் பக்கம் திரும்பவும் அது போதும். இரை பிடிப்பதையெல்லாம் வெளியே பகல் வெளிச்சத்தில் கண்ணால் முடித்துக்கொள்கிறது. அலை எவ்வளவு நீளமோ அந்த அளவுப் பொருள்களைத்தான் அது ‘பார்க்கும்’. இந்தக் கணக்கு காட்டுக்குள்ளும் தேவைப்படும்.

தோட்டத்துக்குள் போக விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் ஐந்தரைக்கு எழுந்தால் இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க நேரும். இங்கே சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழு மணி. 1982 பிறந்தபோது தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்ததன் விளைவு. பறவைகள் இன்னும் பழைய நேரத்தில்தான் இருக்கின்றன.

அந்த இருட்டில் தோட்டத்து மனிதர்களுக்கு ரொம்பப் பழக்கமான குரல் பக்கி என்கிற இரவுப்பறவையினுடையது. மண் பாதையில் உட்கார்ந்துகொண்டு மரத்தைத் தட்டுவது போல ‘டொக்… டொக்… டொக்…’ என்று விடாமல் ஒலிக்கும். ஒரு மூச்சில் எத்தனை முறை தட்டும் என்று முன்பு மலாயாவில் பந்தயம் கட்டிச் சூதாடியிருக்கிறார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கு எடுப்புக்கு, போகிற நேரத்தில் காட்டுச்சேவலும் கூவும். நம் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான அந்தச் செங்காட்டுக்கோழி செம்பனைத் தோட்டங்களில் நன்றாகவே பெருகியிருக்கிறது. லயத்து வீட்டுச் சேவலின் கூவலில் கடைசி அசை இழுபடும்; காட்டுச்சேவலுடையது வெட்டினாற்போல் நின்றுவிடும். கண்ணால் பார்த்துப் பிரிப்பதைவிட இப்படிப் பிரிப்பது சுலபம்.

ஆனால் தோட்டத்தின் உண்மையான கதாநாயகன் கூகைதான். இதயவடிவ வெள்ளை முகம் கொண்ட ஆந்தை. செம்பனைக் குலையை எலி கொறிப்பது தோட்டக்காரர்களின் தீராத தலைவலி. தீபகற்ப மலேசியாவில் கூகை ஒரு காலத்தில் எப்போதாவது வழிதவறி வந்து போன பறவை. 1960களின் கடைசியில் ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது குஞ்சு பொரித்தது கண்டுபிடிக்கப்பட்டது. பழைய கட்டடங்களும் பொந்து மரங்களும் இல்லாத தோட்டத்தில் அதற்குக் கூடு வைக்க இடமில்லை. எலிக்கோ பஞ்சமே இல்லை. கம்பத்தில் மரப்பெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு கூகை தீபகற்பம் முழுக்கப் பரவியது. இன்று பல தோட்டங்களில் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்று நட்டிருப்பார்கள். ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது தோட்டங்களில் வழங்குகிற கணக்கு.

இந்த ஆந்தை எலியைக் கண்ணால் தேடுவதில்லை, அல்லது கண்ணை மட்டும் நம்புவதில்லை. திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்ற ரோஜர் பெய்ன், அதற்கு முன் கூகைகளோடு மல்லுக்கட்டியவர். முழு இருட்டான அறையில், தரையில் சருகு பரப்பி, எலியை ஓடவிட்டார். கூகை தவறாமல் பிடித்தது. 1971இல் வெளியான அவருடைய ஆய்வு, அது சருகின் சலசலப்பைக் கேட்டே பிடிக்கிறது என்று நிறுவியது. சத்தம் எழுப்பாத மெத்தென்ற தரையில், வாலில் காய்ந்த இலை கட்டிய எலியை ஓடவிட்டால் கூகை பாய்வது எலி மேல் அல்ல, இலை மேல்.

இதற்கு அதன் காதுகள் கோணலாக இருப்பதுதான் காரணம். இடக் காதின் துளை சற்று மேலே அமைந்து கீழ்நோக்கியும், வலக் காதின் துளை சற்றுக் கீழே அமைந்து மேல்நோக்கியும் இருக்கும். ஒலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்பது சொல்லிவிடும், நமக்கும் அப்படித்தான். கூகை விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளியைக்கூடப் பிரித்துவிடும். மேலேயா கீழேயா என்பதில்தான் நாம் திணறுவோம். கூகைக்கு அங்கே கோணல் காது கைகொடுக்கிறது: கீழிருந்து வரும் ஒலி இடக் காதிலும், மேலிருந்து வருவது வலக் காதிலும் உரக்க விழும். முகத்தின் வெள்ளைத் தட்டு முழுவதும் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகிற ஏற்பாடு. கலிபோர்னியாவில் எரிக் நட்சனும் மசகாசு கொனிஷியும் 1978இல் ஒரு படி மேலே போய், அதன் மூளையில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி நரம்பணுக்கள் வரிசையாக இருப்பதைக் காட்டினார்கள். ஒலியாலேயே வரைந்த வரைபடம் ஒன்று ஆந்தையின் தலைக்குள் இருக்கிறது.

ஆந்தை அலறினால் சாவு விழும் என்று பயந்த தோட்டத்துத் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் அதற்குப் பெட்டி கட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. இதைவிடப் பெரிய முரண், இரண்டாம் தலைமுறை எலிமருந்து. ப்ரோடிஃபாகூம் போன்ற மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடிக்கொண்டு சில நாள் நடமாடும். அப்படிப்பட்ட எலிகளைத் தின்று கூகைகள் செத்ததை 1980களிலேயே மலேசியத் தோட்டங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கையால் பெட்டி நட்டு, மறு கையால் நஞ்சு வைக்கிற நிர்வாகம் எதற்குப் பெட்டி நடுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கூகை, காட்டுக்கோழி, செண்பகம், சின்னான், வெண்தொண்டை மீன்கொத்தி, குண்டுக்கரிச்சான். தோட்டத்துப் பட்டியல் இந்த வாக்கில் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிடும். தென் தாய்லாந்தில் காட்டையும் தோட்டங்களையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, காடு ரப்பராகவோ செம்பனையாகவோ மாறினால் பறவை வகைகளில் குறைந்தது 60 விழுக்காடு காணாமல் போகின்றன என்றது. மிஞ்சுபவை பெரும்பாலும் எங்கும் பிழைக்கிற பறவைகள். தென்னிந்தியக் கிராமத்திலிருந்து வருகிறவருக்குப் பாதிப் பறவைகள் உறவுக்காரர்களாகத் தெரிவதும் இதனால்தான்.

செலாய்க் காட்டுக்குள் அந்த உறவுமுறை சட்டென்று அறுந்துவிடும். 1977இல் பகாங் மாநிலம் இந்தக் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தபோது நாடே எதிர்த்துக் குரல் எழுப்பியது. 1985–86இல் மலாயா இயற்கைக் கழகம் ஓராண்டு அறிவியல் பயணம் நடத்தி உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று ஆவணப்படுத்தியது. ஜொகூர்ப் பக்கம் 1993இல் தேசியப் பூங்காவானது. அந்தச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் இங்கேயும் பழக்குலை லாரிகள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

காட்டுக்குள் காது முதலில் உணர்வது வேகம் குறைந்திருப்பதை. தோட்டத்து விளிம்பில் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் விடுவிடுவென்று ஒரே சொல்லை அடுக்கிக்கொண்டே போகும். உள்ளே குரல்கள் நீளமாக, தாழ்வாக, இடைவெளி விட்டு வரும். யூஜின் மார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பனாமாவில் காட்டிலும் வெளியிலும் வாழும் பறவைகளின் குரல்களை அளந்து 1975இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். உழவாரனுக்குப் போட்ட அதே கணக்குதான். 8,000 ஹெர்ட்ஸ் குரலின் அலை 4 சென்டிமீட்டர். வழியில் இருக்கிற ஒவ்வொரு இலையிலும் சுள்ளியிலும் பட்டுச் சிதறிவிடும். 2,000 ஹெர்ட்ஸ் குரலின் அலை 17 சென்டிமீட்டர். சிறு இலைகளைப் பொருட்படுத்தாமல் கடந்து போகும். அதைவிடத் தாழ்ந்த குரலைத் தரை உறிஞ்சிவிடும். ஆகவே காட்டுத் தரைக்கு அருகே 1,500 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை ஒரு ‘ஒலிச் சன்னல்’ திறந்திருக்கிறது என்றார்.

வேகமும் இப்படித்தான் குறைகிறது. பருத்த மரங்களில் பட்டு எதிரொலிகள் தாமதமாக வந்து சேரும். ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்தால் இரண்டும் குழம்பிவிடும். நீண்ட ஒற்றைச் சீழ்க்கைக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதன் எதிரொலி அதன்மேலேயே வந்து விழுந்து அதை இன்னும் பலப்படுத்தும். திறந்த வெளியில் தொல்லை வேறு. காற்றும் வெயிலின் அனலும் குரலை இடையிடையே விழுங்கிவிடும். அங்கே ஒரே சொல்லைப் பத்து முறை அடுக்குகிறவனுக்கு ஒன்றாவது போய்ச் சேரும். மார்ட்டனுக்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் இதைச் சோதித்தார்கள். போக்கு உண்மை, ஆனால் அவர் நினைத்த அளவுக்கு அழுத்தமானதல்ல என்பது இப்போதைய நிலை. பறவையின் உடல் பருமனும் குரலைத் தீர்மானிக்கிறது. சிறு குருவி எவ்வளவு முயன்றாலும் இருவாச்சியின் குரல் வராது.

சீழ்க்கைகளிலேயே மிகவும் சோதிப்பது இரண்டு பறவைகளுடையது. ஒன்று மாணிக்கச் சிவப்பு வயிறு கொண்ட ஒரு தோட்டக்கள்ளன். நம்மூர் ஆறுமணிக்குருவியின் ஒன்றுவிட்ட உறவு. இன்னொன்று ரயில்-பாப்ளர் என்று உலகப் பறவை ஆர்வலர்கள் உயிரை விடுகிற பறவை. இரண்டுமே தரையில் நடப்பவை. இரண்டுமே ஒரே சுருதியில் நீளமாக ஒரு சீழ்க்கை அடிப்பவை. தோட்டக்கள்ளனின் சீழ்க்கை மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வலுத்து, உச்சத்தில் பட்டென்று அறுபடும். மற்றதன் சீழ்க்கை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம். பூச்சியின் ரீங்காரம் என்றே பலர் நினைத்துக் கடந்து போவார்கள். கிட்டத்தில் கேட்பது போலிருக்கும்; இருபதடி தள்ளிப் போய்த் தேடினால் அதே தூரத்தில் இன்னும் கேட்கும். சுருதி மாறாத, தொடக்கமும் முடிவும் மழுங்கிய ஒலியின் திசையைக் காதால் மட்டிடுவது கடினம். எதிரிக்கும் அது கடினம் என்பது பறவைக்கு இலாபம். ரயில்-பாப்ளர் தன் குடும்பத்தில் தனி ஆள். மரபணு ஆய்வுகள் அதன் மிக நெருங்கிய சொந்தங்களைக் கண்டுபிடித்தது பக்கத்துக் காடுகளில் அல்ல, ஆப்பிரிக்காவில்.

முற்பகல் வெயில் ஏறியதும் சிள்வண்டுகள் தொடங்கிவிடும். ஒலிச் சன்னலையே இழுத்து மூடுகிற இரைச்சல். கோஸ்டா ரிகாவின் மழைக்காட்டில் 2015இல் வெளியான ஆய்வில், சிள்வண்டு ஆரம்பித்ததும் பறவைகள் பாடுவதை நிறுத்திக்கொள்வதைக் கண்டார்கள். அதனால் சிள்வண்டு கத்தும் நேரத்தில் காட்டுக்குள் அலைவது வீண் வேலை. அட்டைக்கு இரத்ததானம் செய்ததுதான் மிச்சமாகும்.

இந்தச் சன்னல் கணக்கையெல்லாம் சட்டை செய்யாத பறவைகளும் உண்டு. இருவாச்சிகள் உயரத்தில், இலைக்கூரைக்கு மேல் பேசுகின்றன. தீபகற்ப மலேசியாவில் பத்து வகை. வால்பாறையில் பெரிய இருவாச்சி பார்த்தவருக்கு அந்தச் சிறகோசை நினைவிருக்கும். இறக்கையின் அடிப்புறத்தில் மற்றப் பறவைகளுக்கு இருக்கிற மூடு சிறகுகள் இல்லாததால், பெரிய இறகுகளின் நடுவே காற்று புகுந்து நீராவி ரயில் போல ஓசை எழும். கவச இருவாச்சியின் குரல் தனி நாடகம். ‘ஹூப்… ஹூப்…’ என்று நிதானமாகத் தொடங்கி, இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறிச்சிரிப்பாக வெடிக்கும். மாமியார் வீட்டுத் தூணைக் கோடரியால் வெட்டி, வீடு சாய்ந்ததும் கைகொட்டிச் சிரித்த மருமகன்தான் இந்தப் பறவையானான் என்பது மலாய்க் கதை. ஒரு முறை கதையைக் கேட்டவருக்கு அந்தக் குரல் பிறகு மறக்காது. அலகின் மேல் இருக்கும் திண்மையான கவசத்தைத் தந்தம் போல் செதுக்க வேட்டையாடியதால், 2015 முதல் இது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

உலகில் முதன்முதலாகப் பதிவான பறவைப் பாட்டு எது தெரியுமா? 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன் எடிசனின் கருவியில் பதிவு செய்த, கூண்டில் இருந்த சோலைப்பாடியின் குரல். மலாய்க்காரர்கள் முராய் பத்து என்கிற அதே பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பாடுகிறது, செலாயிலும் பாடுகிறது. அன்றே அது கூண்டுப் பறவையாகத்தான் ஐரோப்பாவுக்குப் போயிருந்தது. பாட்டுப் போட்டிக்காக அதைப் பிடிப்பது இன்னும் ஓயவில்லை.

இதைவிடப் பரிதாபம், பாராவ்-பாராவ் என்கிற பெரிய சின்னான். அறிவியல் பெயரில் சிலோன் இருக்கிறது. பறவை ஒருநாளும் இலங்கையில் இருந்ததில்லை. ஆற்றோர மரங்களில் சோடியாகச் சேர்ந்து பாடும். நெடுந்தூரம் கேட்கும் அந்தத் தடித்த இனிய குரலே அதற்கு எமனானது: கேட்டவன் வந்து பிடித்துக்கொண்டு போனான். ஜாவாவில் அற்றுப்போயிற்று, தாய்லாந்தில் அற்றுப்போயிற்று, 2018இல் அழிவின் விளிம்புப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அது நிம்மதியாக வாழ்வது வேடிக்கையாகச் சிங்கப்பூரில். புலாவ் உபின் தீவிலும் சில பூங்காக்களிலும்.

வலை விரிப்பவன் பறவையை வரவழைக்கக் கையாளும் உத்தி, அதன் பாட்டையே பதிவு செய்து ஒலிக்கவிடுவது. படம் எடுக்க வருகிறவர்கள் பலரும் அதையேதான் செய்கிறார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, அடைகாப்பதையோ இரை தேடுவதையோ விட்டுவிட்டு அது ஓடி வரும். ஒரு நிமிடம் என்றால் பெரிய தீங்கில்லை என்பார்கள். ஒரே இடத்துக்கு வாரம் நான்கு குழு வந்தால் அது ஒரு நிமிடமாக இருக்காது. பதிவு செய்யுங்கள், ஒலிக்கவிட வேண்டாம் என்பது என் கட்சி. கைப்பேசியே போதும்: பெக்கோக் கடைவீதியில் ஒன்று, செம்பனைக்குள் ஒன்று, செலாய்க் காட்டுக்குள் ஒன்று எனச் சில நிமிடங்கள் பதிவு செய்து, ஒலியைப் படமாக்கும் செயலியில் போட்டுப் பாருங்கள். தோட்டத்துப் படத்தில் நெருக்கமான குத்துக்கோடுகள் அடுக்கியிருக்கும். காட்டுப் படத்தில் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி நீண்ட படுக்கைக்கோடுகள் இழுத்திருக்கும். மார்ட்டன் சொன்னதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்தப் பதிவுகளை ஈபேர்ட், செனோ-காண்டோ போன்ற பொதுத் தளங்களில் ஏற்றலாம். உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் தரும் பதிவுகளால் வளர்ந்தவை அவை. பாராவ்-பாராவ், கவச இருவாச்சி போன்றவற்றின் சரியான இடம் பிடிப்பவன் கைக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று ஈபேர்ட் அதைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் செலாயில் எந்தப் பறவை எந்த ஆற்று வளைவில் கேட்கும் என்று இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.